குன்னூர் ஏலச் சீட்டும் படேவியா கணக்குப் புத்தகமும்

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து எம்.ஏ. வரலாறு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். 17, 18ஆம் நூற்றாண்டுக் கடல் வணிகத்தை இணையத்தில் இருக்கும் தரவுத்தளங்களை வைத்து வீட்டிலிருந்தே ஆராய முடியுமா, டச்சு மொழி தெரியாவிட்டால் பரவாயில்லையா, அப்புறம் நம் நீலகிரி அதில் எங்காவது வருமா, ஏனென்றால் "நீலகிரி என்று போட்டுத் தேடினேன், ஒன்றுமே வரவில்லை" என்று. சுருக்கமாகச் சொன்னால்: முடியும், கொஞ்சமாவது தெரிந்தாக வேண்டும், வரும், ஆனால் அந்தப் பெயரில் வராது.

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்ற இரண்டும் அதில் அடங்கிவிடும்.

உங்கள் வீட்டில் தேயிலை இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா பறித்த பச்சை இலையைச் சாயங்காலம் ஏஜென்ட் வந்து எடை போடுகிறார், தண்ணீர்க் கழிவு என்று இரண்டு கிலோ கழிக்கிறார், ஒரு சீட்டு தருகிறார். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. இலை பாக்டரிக்குப் போன பிறகு நாற்பது வீட்டு இலை ஒன்றாகக் கலந்து வாடி, அரைபட்டு, தூளாகி, குன்னூர் ஏலத்துக்கு வரும்போது பாக்டரியின் மார்க், கிரேடு, எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை, அவ்வளவுதான் மிச்சம். இருநூறு வருஷம் கழித்து ஒருவர் அந்த ஏலப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் என்ன கிடைக்கும்? "இந்த ஹட்டியில் தேயிலையே விளையவில்லை போலிருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார்.

நீங்கள் நீலகிரி என்று தேடியதும் அதே கதைதான். அந்தக் காலத் தரவு எல்லாமே துறைமுகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு எழுத்தர் எழுதியது, அவருக்குச் சரக்கு எந்த மலையிலிருந்து இறங்கியது என்பது தேவையே இல்லை, எந்தக் கப்பலில் ஏறியது, கம்பெனிக்கு என்ன அடக்கவிலை ஆனது என்பதுதான் தேவை. அதனால் எந்தத் தரவுத்தளத்தைத் திறந்தாலும் நான் முதலில் கேட்பது, இந்த வரியை யார், எதற்காக எழுதினார் என்பது. இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு நேராக வரைபடம் போடப் போனவர்கள் நிறைய பேர். நானும் ஒருகாலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சரி, என்னென்ன இருக்கிறது? உங்களுக்கு முக்கியமானவை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தரவுகள். வி.ஓ.சி. என்பது அவர்கள் சுருக்கம். தமிழில் தேடினால் கூகுள் நேராக வ.உ.சிதம்பரனாரிடம் கொண்டுபோய் விடும், அதிலும் வேடிக்கை என்னவென்றால் அந்த வி.ஓ.சி. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்ததும் தூத்துக்குடியைத்தான், நம் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அங்கேதான். கம்பெனி 1602இல் தொடங்கி 1799 கடைசியில் கலைக்கப்பட்டது. பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை, 1690இல் சோழமண்டலத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றம், 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கையில். இந்தத் தேதிகளை மனப்பாடமாக வைத்திருங்கள், ஏனென்றால் 1690க்குப் பிறகு பழவேற்காட்டு ஏற்றுமதி குறைகிறதே என்று நீங்கள் திகைக்கும்போது, நெசவு குறைந்ததா அல்லது ஆபீஸ் மாறியதா என்று முதலில் யோசிக்க இதுதான் உதவும்.

அவர்கள் தரவில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று டச்சு–ஆசியக் கப்பல் பயணங்களின் பட்டியல், 1595 முதல் 1795 வரை, 8,000க்கு மேற்பட்ட பயணங்கள். நெதர்லாந்திலிருந்து ஆசியாவுக்கும் ஆசியாவிலிருந்து நெதர்லாந்துக்கும் போன கப்பல்கள் மட்டும்தான் அதில். போனவை 4,700 சொச்சம், திரும்பியவை 3,300 சொச்சம். மிச்சமெல்லாம் மூழ்கிவிட்டன என்று அவசரப்படவேண்டாம். மூழ்கியவையும் உண்டு, ஆனால் நிறையக் கப்பல்கள் இங்கேயே தங்கி நாகப்பட்டினம், மலாக்கா, படேவியா, ஜப்பான் என்று ஆசியாவுக்குள்ளேயே சுற்றித் தேய்ந்து போயின. அந்தச் சுற்று இந்தப் பட்டியலில் வராது.

அது வருவது இரண்டாவதில். படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தலைமைக் கணக்கர் ஒருவர் இருந்தார், கம்பெனியின் ஆசியக் கிளைகள் எல்லாவற்றிலிருந்தும் அவருக்குக் கணக்கு போகும். அந்தப் புத்தகங்களை நெதர்லாந்தின் ஹாய்கென்ஸ் நிறுவனம் தரவுத்தளமாக்கி வைத்திருக்கிறது. கப்பல் பெயர், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், சரக்கு, அளவு, மதிப்பு என்று வரிவரியாக 18ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடும், நடுவில் சில வருஷப் புத்தகங்கள் இல்லை. சோழமண்டலத் துணி பற்றி எழுத வேண்டுமானால் இதுதான் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.

தொட்டுக்கொள்ள என்றேன், அவையும் சாதாரணமானவை இல்லை. டென்மார்க்கின் சவுண்ட் ஜலசந்தியில் சுங்கம் வசூலித்த பதிவேடுகள் 1497 முதல் 1857 வரை, ஏறக்குறைய 18 லட்சம் கடப்புகள், இணையத்தில் இருக்கின்றன, மிளகும் பருத்தித் துணியும் பால்டிக் கடலுக்குள் எவ்வளவு நுழைந்தன என்று அதில் பார்க்கலாம். அட்லாண்டிக் அடிமை வணிகத் தரவுத்தளத்தில் 36,000க்கு மேற்பட்ட பயணங்கள், மொத்தம் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பல் ஏற்றப்பட்டதாக மதிப்பீடு. அது மனிதரை எண்ணும் தரவு, அந்த மனிதருக்கு விலையாகக் கொடுத்த துணியை அல்ல. ஆனால் நம்மூர்த் தறியில் நெய்த ஒரு துணிக்கு 'கினியா துணி' என்றே பெயர், ஆப்பிரிக்கச் சந்தையை மனதில் வைத்து வந்த பெயர், இரண்டு தரவுத்தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் அந்தப் பெயரின் கனம் புரியும். பிரெஞ்சுக் கம்பெனி மாலுமிகளின் பட்டியலும் உண்டு, புதுச்சேரி வேலை செய்பவர்களுக்கு ஆகும். சென்னைக் கோட்டை ஆவணங்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலேயே அச்சானவை, ஸ்கேன் செய்த பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இப்போது நான் சறுக்கிய கதை. நாகப்பட்டினத்துத் துணி ஏற்றுமதி என்று ஒரு வரைபடம் போட்டேன், மூன்று மாத வேலை, கோடு அழகாக மேலே ஏறிக்கொண்டே போனது, நண்பர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "கொழும்பில் எறங்கி மறுபடி ஏறினதை நீ எத்தனை தடவை எண்ணினே?" என்று ஒரே கேள்வி. நாகப்பட்டினத்திலிருந்து கொழும்புக்கு ஒரு வரி, அதே துணிக்கட்டுகள் கொழும்பிலிருந்து நெதர்லாந்துக்கு இன்னொரு வரி. சரக்குப் பெயரை மட்டும் வடிகட்டிக் கூட்டினால் ஒரு துணி இரண்டு துணியாகிறது, மூன்று இடத்தில் ஏறி இறங்கினால் மூன்று. கோடு ஏறியது வணிகம் பெருகியதால் அல்ல, சுற்றுவழி கூடியதால். கூட்டுவதற்கு முன்னால் புறப்பட்ட துறை சோழமண்டலத்தில் இருக்கும் வரிகளை மட்டும் தனியே எடுங்கள், அதற்குள்ளும் பழவேற்காட்டிலிருந்து நாகைக்குப் போன கரையோரச் சரக்கைக் கழியுங்கள்.

அடுத்தது பணம். டச்சுக் கணக்கில் 1 கில்டருக்கு 20 ஸ்டைவர், 1 ஸ்டைவருக்கு 16 பென்னிங். புள்ளி வைத்துப் பிரித்து எழுதினால் 12.10.8 என்று நிற்கும், பன்னிரண்டு கில்டர் பத்து ஸ்டைவர் எட்டு பென்னிங். இதை அப்படியே எக்செல்லில் ஒட்டினால் அது 2008ஆம் ஆண்டு அக்டோபர் என்றோ டிசம்பர் என்றோ தேதியாக மாற்றி வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று மாற்றிவிடுங்கள், பிறகு மூன்றாகப் பிரித்து, ஸ்டைவரை இருபதால், பென்னிங்கை முந்நூற்றிருபதால் வகுத்துச் சேருங்கள். இதற்கு மேல் ஒரு வில்லங்கம், கனத்த கில்டர், இலகு கில்டர் என்று ஆசியாவில் ஒரு மதிப்பு, தாய்நாட்டில் ஒரு மதிப்பு. எந்தக் கில்டர் என்று பார்க்காமல் கூட்டினால் காசர்கோட்டு ரூபாயையும் கொழும்பு ரூபாயையும் கூட்டிய மாதிரி.

சென்னைப் பக்கம் வந்தால் வராகன், பணம், காசு. 80 காசு 1 பணம். ஒரு வராகனுக்கு 36 பணம் என்று ஒரு காலம், 42 என்று இன்னொரு காலம். எடையும் அப்படித்தான்: 8 வீசை 1 மணங்கு, 20 மணங்கு 1 கண்டி என்பது சென்னை வாய்ப்பாடு, அங்கே கண்டி 500 பவுண்டு, பம்பாயில் 560. ஆம்ஸ்டர்டாம் பவுண்டோ அரைக்கிலோவுக்குச் சற்றே குறைவு, 494 கிராம். துணிக்கு எடையே கிடையாது, துண்டு எண்ணிக்கைதான், ஆனால் எல்லாத் துண்டும் ஒரே நீளமா? இல்லை. கினியா துணி ஒன்று, சேலம்பூரி என்ற இன்னொரு வகைத் துணியின் பல துண்டுகளுக்குச் சமமான நீளம் இருக்கலாம், ஆகவே "இத்தனை ஆயிரம் துண்டு" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன். ஹாலந்து 1583லேயே புதிய காலண்டருக்கு மாறிவிட்டது, ஆங்கிலேயர் 1752 வரை பழையதிலேயே இருந்தார்கள், அதுவும் அவர்களுக்கு வருஷம் பிறப்பது மார்ச் 25. ஆகவே சென்னை ஆங்கிலேயர் 1688 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1689, அதற்கு மேல் பத்து நாள் கூட்டவேண்டும். ஒரே கப்பல் டச்சுக்காரர் கண்ணில் பட்ட நாளும் ஆங்கிலேயர் கண்ணில் பட்ட நாளும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. படேவியாக் கணக்கு வருஷமும் சனவரியில் தொடங்குவதில்லை.

இனி பெயர்கள். இதில்தான் தமிழ் தெரிந்தவருக்குக் கை ஓங்குகிறது, வெளிநாட்டு ஆய்வாளர்களைவிட நீங்கள் இரண்டடி முன்னால் நிற்பது இங்கேதான். தேவனாம்பட்டினம் கம்பெனிக்காரர் எழுத்தில் தெகெனபட்டம், பழவேற்காடு பலியகட்டா, பரங்கிப்பேட்டை போர்ட்டோ நோவோ. மனிதர் பெயர் இன்னும் மோசம். சென்னையில் ஆங்கிலேயருக்குத் தலைமை வணிகராக இருந்து 1680இல் இறந்த காசி வீரண்ணா அவர்கள் ஆவணத்தில் காசா வெரோனா, ஏதோ இத்தாலிக்காரர் மாதிரி. மரக்காயர் என்ற சொல்லுக்கு நான் பார்த்ததே ஏழெட்டு எழுத்துக்கூட்டல். கம்பெனித் தரவில் இவர்களுடைய சொந்தக் கப்பல்கள் வருவது குறைவு. நாகூர், பரங்கிப்பேட்டையிலிருந்து சுமத்ராவின் அச்சேவுக்கும் மலாயாவின் கெடாவுக்கும் போன மரக்காயர், சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமில்லை, அதனால் கம்பெனிக் கணக்கில் இல்லை. ஆனால் 1641க்குப் பிறகு டச்சுக்காரர் கையில் இருந்த மலாக்காத் துறைமுகத்தில் வந்து போகும் கப்பல்களை எழுதி வைத்தார்கள், அங்கே இவர்கள் தலை தெரியும். உரக்கப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாத எழுத்துக்கூட்டல் பல சமயம் காதுக்குப் புரிந்துவிடும்.

சரி, மலைக்கு வருவோம். மலையிலிருந்து இறங்கக்கூடிய சரக்கு என்னவாக இருந்திருக்கும்? ஏலக்காய், மிளகு, தேன்மெழுகு, சந்தனம். தேயிலை, காபி, சின்கோனா, உருளைக்கிழங்கு எல்லாம் 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், அவற்றை மறந்துவிடுங்கள். கொடைக்கானல் பக்கத்து நண்பர்களும் இதைக் கவனிக்கலாம், அங்கே ஆங்கிலேயர் வீடு கட்டியது 1845இல், அதற்கு முந்தைய பழனிமலைக்கும் இதே நிலைதான். ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் எல்லாம் பழைய வயநாட்டின் பகுதி. வயநாட்டு ஏலமும் மிளகும் இறங்கியது மேற்கே, மலையாளக் கரைக்கு, கண்ணூர், தலச்சேரி பக்கம். துறையில் அதன் பெயர் கண்ணூர் ஏலம். உங்கள் இலை பாக்டரி மார்க் ஆன மாதிரிதான். ஆகவே நீலகிரியைத் தேடுகிறவர் நாகப்பட்டினத்தைப் பார்க்காமல் கண்ணூரைப் பார்க்கவேண்டும், பார்த்துவிட்டு, இதில் எவ்வளவு பங்கு மலையின் இந்தப் பக்கத்திலிருந்து என்று தரவால் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சந்தனத்தில் ஒரு பொறி. டச்சு ஆவணத்தில் சந்தனக்கட்டை என்று வந்ததும் மைசூர், நீலகிரி அடிவாரம் என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். வேண்டாம். அவர்களுடைய சந்தனம் பெரும்பாலும் தீமோர் தீவிலிருந்து வந்தது, புறப்பட்ட துறையைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

மெழுகுக் கதை இன்னும் ரசமானது. கம்பெனிக்கு ஆசியாவிலிருந்து போன கடிதங்கள், அறிக்கைகள் என்று ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியே கையெழுத்தைப் படித்து எழுத்தாக்கியிருக்கிறது, குளோபலைஸ் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர், தேடிப் பார்க்கலாம். டச்சு மொழியில் மெழுகுக்கு மூன்றெழுத்துச் சொல், டபிள்யூ, ஏ, எஸ், 'வாஸ்'. அதே மூன்றெழுத்துதான் 'இருந்தது' என்ற வினைக்கும்! மெழுகு என்று தேடினால் இருநூறு வருஷத்தில் எது எங்கே இருந்தது என்று ஒவ்வொரு பக்கமும் கையைத் தூக்கும். இதையே படேவியாக் கணக்கில் தேடினால் அங்கே வினைச்சொல்லே கிடையாது, வெறும் சரக்குப் பட்டியல், மெழுகு மெழுகாகவே கிடைக்கும். ஒரே ஆவணக்காப்பகத்தின் பிள்ளைகள்தான் இரண்டும், ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தக் கதவு என்று தெரியவேண்டும். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1659–61இல் பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சைச் சீமையை நொறுக்கியபோது டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான தமிழரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் படேவியாவுக்கும் ஏற்றினார்கள். படேவியாத் தரவுத்தளத்தில் அதைத் தேடினால் பூஜ்யம், ஏனென்றால் அந்தத் தரவு 1700இல்தான் ஆரம்பிக்கிறது. கடிதங்களில் இருக்கிறது. பூஜ்யம் வந்ததும் "இல்லை" என்று எழுதாமல், இந்த அலமாரியில் அந்த வருஷம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மலைக்குள்ளேயே நடந்த பரிமாற்றத்தை எந்தத் தரவுத்தளமும் காட்டப்போவதில்லை, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோடர் நெய், கோத்தர் இரும்பும் பானையும், குறும்பர் தேன், படகர் தானியம், இதற்கெல்லாம் யார் பேரேடு எழுதினார்கள்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதவேண்டியது அது. எழுத்தில் கிடைப்பது சிதறல்தான். 1603இல் ஃபெனிச்சியோ என்ற இத்தாலியப் பாதிரியார் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து மலையேறித் தோடர்களைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார், தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்ததாக அதில் வருகிறது. அந்தக் கண்ணாடி எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ! 1603இல் நீலகிரி உச்சியில் ஒரு முகக்கண்ணாடி என்பதே எனக்கு ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும். அப்புறம் 1800–01இல் ஆங்கிலக் கம்பெனிக்காக புக்கானன் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் போய் விளைச்சல், சந்தை, எடைக்கல் என்று எழுதினார், மலையடிவாரத்து தண்ணாயக்கன்கோட்டை வரை வந்தார், அந்த ஊர் இன்று பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறிய பிறகு ஆங்கிலேயக் காகிதம் மழை மாதிரி கொட்டும், ஆனால் அது வேறு காலம், வேறு வணிகம்.

டச்சு எவ்வளவு தெரியவேண்டும்? கணக்குப் புத்தகத்துக்கு நாற்பது ஐம்பது சொல் போதும். 'பேபர்' என்றால் மிளகு, 'லைவாட்' துணி, 'ரூ' கோரா, 'கெப்லேக்ட்' வெளுத்தது, 'ஸ்டுக்ஸ்' துண்டு, 'பாக்' கட்டு, இப்படி. கம்பெனிச் சொற்களுக்கென்றே ஒரு சொல்லடைவு டச்சிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களைப் படிக்க ஐம்பது சொல் பத்தாது, மொழிபெயர்ப்புக் கருவி 17ஆம் நூற்றாண்டு டச்சில் தடுமாறும், கணினி படித்த எழுத்திலும் பிழை இருக்கும், ஆகவே மேற்கோள் காட்டப்போகும் வரியை மூலப் பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் இருக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், திரையில் பார்த்த கையெழுத்தைக் காகிதத்தில் பார்த்தால் பயம் போய்விடும்.

வீட்டிலிருந்து செய்வதென்றால் நம் மலையில் ஆடி மாதக் காற்றுக்குக் கரண்டும் போகும், நெட்டும் போகும், மே மாதச் சீசனில் ஊர் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள் போனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே விடியற்காலையில் தேடுங்கள், தேடியதை உடனே இறக்கி வையுங்கள், என்றைக்கு எந்தச் சொல் போட்டுத் தேடினீர்கள், எத்தனை வரி வந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். இறக்கிய மூலக் கோப்பைத் தொடவே தொடாதீர்கள், திருத்தம் எல்லாம் பிரதியில், அவர்கள் எழுதிய ஊர்ப்பெயர் ஒரு நெடுவரிசை, நீங்கள் நினைக்கும் ஊர்ப்பெயர் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் வேண்டாம் தம்பி. படேவியாத் தரவில் கண்ணூர், கொச்சி இரண்டு துறை, ஏலம் ஒரே சரக்கு, ஏதாவது பத்து வருஷம், அவ்வளவுதான். எந்தப் பத்து வருஷம் என்பதை, எந்த வருஷப் புத்தகங்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடிந்ததும் ஷீட்டை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கில்டர் நெடுவரிசையில் ஒரே ஒரு அக்டோபர் மாதம் தென்பட்டாலும் திறக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.